கோ புதிர்ச் செயலியும் உங்கள் விடையும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோ என்ற பலகை ஆட்டத்தின் பழைய உயிர்-சாவுப் புதிர்களை (ஒரு கற்குழு பிழைக்குமா, சாகுமா என்று கேட்பவை) செயலியிலோ கணினியிலோ போட்டுப் பழகும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கோப்பு திறக்காது; திறந்தால் கற்கள் இடம் மாறி நிற்கும்; சரியான விடைக்குச் சிவப்பு விழும்; என்ஜினைக் கேட்டால் அது மூலையைக் கண்டுகொள்ளாமல் எதிர்ப்பக்கத்தில் கல் வைக்கும். கீழே ஒவ்வொரு கோளாறும் அதன் அறிகுறியின் பெயரில் இருக்கிறது. உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில், நேரமும் காசும் தின்னும் காரணம் கடைசியில்.

அதற்கு முன், கையில் இருப்பது எந்த வகைக் கருவி என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சபாக்கி போன்றவை எஸ்ஜிஎஃப் கோப்பை (கோ ஆட்டத்தையும் புதிரையும் சேமிக்கும் வடிவம்) திறந்து காட்டுபவை. சரி, தவறு என்று தாமாகத் தீர்ப்பு சொல்லாது. புதிர்ச் செயலிகள், யாரோ முன்கூட்டியே பதிந்துவைத்த விடை மரத்தோடு (கிளைகளாகப் பிரியும் ஆட்ட வரிசைகள்) உங்கள் கல்லை ஒப்பிடுகின்றன, அவை யோசிப்பதில்லை. காட்டாகோ போன்ற என்ஜின் (கட்ரெயின் என்ற பயிற்சிக் கருவிக்குள் ஓடுவது இதுதான்) உண்மையாகவே தேடுகிறது. ஆனால் அது தேடுவது புதிரின் விடையை அல்ல, முழுப் பலகையிலும் வெல்லும் வழியை. ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்பதில்தான் பாதிக் குழப்பமும் பிறக்கிறது.

இந்தக் குறிப்பில் 'லிபர்ட்டி' என்பது கல்லை ஒட்டிய காலிப் புள்ளி. 'கோ-சண்டை' என்பது ஒரே கல்லை இருவரும் மாறி மாறிப் பிடிக்கும் நிலை. 'கண்' என்பது குழு தனக்குள் அடைத்துவைத்த காலியிடம்; உண்மையான கண் இரண்டு இருந்தால் குழு உயிர். 'மறுப்பு' என்பது உங்கள் ஆட்டத்தை உடைக்கும் எதிராளியின் பதிலடி. எந்த அறிகுறியிலும் கடைசியில் தேட வேண்டியது அந்த மறுப்பைத்தான்.

## அறிகுறி: கோப்பு திறக்கவில்லை, அல்லது பலகை காலியாக வருகிறது

முதலில் அம்புக்குறிப் பொத்தானை ஒருமுறை முன்னே அழுத்துங்கள். சில தொகுப்புகளில் தொடக்கக் கற்கள் முதல் கணுவில் (மரத்தின் ஒரு படி) இல்லாமல் இரண்டாவது கணுவில் இருக்கும். ஓர் அழுத்தில் பலகை நிரம்பிவிடும்.

நிரம்பவில்லையா? கோப்பின் பெயரைப் பாருங்கள். பதிவிறக்கும்போது கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அது இன்னும் பிரிக்காத ஜிப் கோப்பாக இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். நல்ல எஸ்ஜிஎஃப் கோப்பு ஒரு திறப்பு வளைகுறியோடும் அதையடுத்த அரைப்புள்ளியோடும் தொடங்கும். வேறு எதுவோ நீளமாக வந்தால் நீங்கள் சேமித்தது புதிரை அல்ல, அது இருந்த பக்கத்தை.

தொடக்கம் சரியாக இருந்தும் பாதியில் நின்றுபோகிறதா? குறிப்புரைக்குள் பின்சாய்கோடு இல்லாமல் விடப்பட்ட மூடும் சதுர அடைப்புக்குறியைத் தேடுங்கள். குறிப்புரைக்குள் அந்தக் குறி வந்தால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குறிப்புரை அங்கேயே முடிந்துவிட்டது என்று கருவி எடுத்துக்கொள்ளும். மீதி எழுத்தெல்லாம் அதற்குக் குப்பை.

500 புதிர் இருக்க வேண்டிய கோப்பில் ஒன்றுதான் தெரிகிறதா? எஸ்ஜிஎஃப் வடிவம் ஒரே கோப்பில் பல மரங்களை அனுமதிக்கிறது. சில கருவிகள் முதல் மரத்தை மட்டும் வாசித்துவிட்டு நின்றுவிடும். தொகுப்பைத் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துவிடுங்கள், அல்லது தொகுப்பை வாசிக்கத் தெரிந்த கருவிக்கு மாறுங்கள்.

குறிப்புரை மட்டும் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக வருகிறது என்றால் அது குறியாக்கச் சிக்கல். சீனத் தொகுப்புகள் பல ஜிபி18030 குடும்பத்திலும், ஜப்பானியத் தொகுப்புகள் பல ஷிஃப்ட்-ஜிஸ் முறையிலும் சேமிக்கப்பட்டவை. தொகுப்பானில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்து திறந்து, யுடிஎஃப்-8 ஆக மறுபடி சேமியுங்கள். கோப்பின் தலையில் சிஏ என்ற புலத்தையும் யுடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இதைச் சின்ன விஷயமென்று விட்டுவிடாதீர்கள்: சில கருவிகள் குறிப்புரையில் இருக்கும் ஒரு சொல்லைப் பார்த்துத்தான் விடை சரியா என்று முடிவு செய்கின்றன.

## அறிகுறி: கற்கள் வருகின்றன, ஆனால் இடம் மாறி

எப்படி மாறியிருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மேல் கீழாகப் புரண்டிருக்கிறது. எஸ்ஜிஎஃப்-இல் வரிசை எழுத்து மேலிருந்து கீழே எண்ணப்படும். பலகையின் ஓரத்தில் அச்சிட்ட எண்களோ கீழிருந்து மேலே போகும். கோப்பில் 'கியூடி' என்று இருப்பதை கியூ4 என்று வாசிப்பது எல்லோரும் சறுக்கும் இடம். அது உண்மையில் ஆர்16.

இடப்பக்கம் சரி, ஒன்பதாவது நெடுவரிசையிலிருந்து எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகிறது. பலகை ஓரத்தில் ஐ என்ற எழுத்து கிடையாது. எச்-க்கு அடுத்து ஜே. எஸ்ஜிஎஃப்-இல் ஐ உண்டு. ஓர எழுத்தைப் பார்த்துக் கையால் கோப்பில் தட்டினால் இந்தப் பிசகு வரும். சரிபார்க்க ஒரே ஒரு கல் போதும்: கோப்பில் 'பிடி' (pd) என்று எழுதுங்கள். 19 கோட்டுப் பலகையில் அது மேல்-வலது நட்சத்திரப் புள்ளியான கியூ16-இல் விழ வேண்டும். விழுந்தால் உங்கள் மாற்றுமுறை சரி.

புதிர் முழுவதும் பலகையின் மேல்-இட மூலையில் ஒண்டியிருக்கிறது. 9 அல்லது 13 கோட்டுப் புதிரில் எஸ்இசட் புலம் விடுபட்டிருக்கிறது. கருவி 19 என்று எடுத்துக்கொண்டது. அளவை எழுதினால் தீர்ந்தது.

கோப்பில் பிழையே இல்லாமல் புதிர் ஒவ்வொரு முறையும் வேறு மூலையில் வந்தால் அது கோளாறு அல்ல. செயலி வேண்டுமென்றே திருப்பித் தருகிறது. அந்த அமைப்பை அணைக்காதீர்கள். ஏன் என்பது கடைசி அறிகுறியில்.

## அறிகுறி: சரியான விடையைத் தவறு என்கிறது

இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது, அதிகக் கோபமும் வருகிறது. காரணம் ஆறு. வரிசை மாற்றாமல் பாருங்கள்.

ஒன்று, யாருடைய முறை. பிஎல் புலம் இல்லாத கோப்பில் பல கருவிகள் கறுப்பே முதலில் ஆடுவதாக எடுத்துக்கொள்ளும். செயலி நிறத்தையும் மாற்றிப் போடுவதாக இருந்தால், தலைப்பில் 'கறுப்பு ஆடிப் பிழைக்க' என்று நிற்கும், பலகையில் வெள்ளையின் முறையாக இருக்கும். சுட்டியின் நுனியில் தெரியும் கல்லின் நிறத்தை நம்புங்கள், தலைப்பை அல்ல.

இரண்டு, விரல். கைபேசியில் 19 கோட்டுப் பலகையை முழுதாகக் காட்டினால் பக்கத்துப் புள்ளியில் கல் விழுவது சாதாரணம். இருமுறை தொட்டு உறுதி செய்யும் அமைப்பை இயக்குங்கள்.

மூன்று, குறிக்கோள் வேறு. நீங்கள் கண்டது கோ-சண்டை. புதிர் கேட்பது நிபந்தனையற்ற உயிர். அல்லது நீங்கள் குழுவைக் கொல்லப் பார்க்கிறீர்கள். புதிர் கேட்பது இரண்டு கல்லைப் பிடித்து இணைவதை மட்டும். முடிவுகளுக்கு ஒரு தரவரிசை இருக்கிறது, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பவருக்கு நிபந்தனையற்ற உயிர் மேல். செக்கியும் (இருவரும் மற்றவரைப் பிடிக்கப் போக முடியாமல் நிற்கும் நிலை) உயிர்தான், ஆனால் புள்ளியில் குறைவு. அதற்குக் கீழே கோ-சண்டை. கோ-சண்டையிலும் தாம் முதலில் பிடிப்பது, எதிராளி முதலில் பிடிப்பதைவிட மேல். எதிராளி அந்தச் சண்டையைத் தொடங்கவே வெளியில் ஒன்றிரண்டு கல் கூடுதலாக வைத்தாக வேண்டும் என்றால் இன்னும் மேல். இரண்டு வழியும் கோ-சண்டையில் முடிகிறது, ஒன்றைச் செயலி ஏற்கிறது, மற்றதை மறுக்கிறது என்றால் காரணம் அநேகமாக இந்தத் தரவரிசைதான். யார் முதலில் பிடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்கு, கோப்பில் குறி தொலைந்துவிட்டது. ஒரு புதிரில் மட்டுமல்ல, அந்தத் தொகுப்பின் எல்லாப் புதிரிலும் எல்லா விடைக்கும் சிவப்பு விழுந்தால் இதுதான். சரியான முடிவைக் குறிக்கும் முறை கருவிக்குக் கருவி மாறும். கோப்ராப்ளம்ஸ் தளத்தின் வழக்கத்தில் சரியான கிளையின் கடைசிக் கணுவில் குறிப்புரையாக 'ரைட்' என்ற ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் இருக்கும். வேறு சில கருவிகள் நல்ல ஆட்டத்துக்கு டிஇ, கெட்ட ஆட்டத்துக்கு பிஎம் என்ற புலங்களைப் பார்க்கும். இன்னும் சில, குறி எதுவும் இல்லாமல் முதல் கிளையே விடை என்று கொள்ளும். ஒரு புதிரை மட்டும் கையால் திருத்தி ஏற்றிப் பாருங்கள். பச்சை விழுந்தால் மீதியைத் தேடி-மாற்று கட்டளையில் முடித்துவிடலாம்.

ஐந்து, உங்கள் கிளை மரத்தில் இல்லை. இதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. தவறு என்ற பிறகு செயலி எதிர்க்கல் வைத்ததா, வைக்காமலே சிவப்பு காட்டியதா? எதிர்க்கல் வைத்தால் யாரோ அந்தக் கிளையை யோசித்துப் பதிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள்தான் தவறு. எதிர்க்கல்லே இல்லாமல் சிவப்பு வந்தால் அதன் பொருள் 'இது என் பட்டியலில் இல்லை' என்பது மட்டுமே. 'இது தோற்கும்' என்பதல்ல. இரண்டு ஆட்டங்களை முன்பின் மாற்றி வைத்தாலும் ஒரே நிலைக்கு வரும் புதிர்களில் இது நிறைய நடக்கும். மரத்தைப் பதிந்தவர் ஒரு வரிசையை மட்டும் எழுதியிருப்பார்.

ஆறு, விடை உண்மையாகவே தவறு. ஐந்தாவது காரணம் என்று முடிவு கட்டும் முன் இதைக் கட்டாயம் சோதியுங்கள். கட்டற்ற முறையில் உங்கள் கல்லை வைத்துவிட்டு எதிராளியின் இருக்கையில் உட்காருங்கள். ஐந்து வகை மறுப்பை ஒவ்வொன்றாக முயலுங்கள்: கண்வெளியின் நடுப் புள்ளியில் குத்துவது, வெளியிலிருந்து முதல் கோட்டில் நுழைந்து இடத்தைச் சுருக்குவது, உள்ளே ஒரு பலிக்கல் போட்டு லிபர்ட்டியைக் குறைப்பது, அட்டாரி (ஒரே லிபர்ட்டி மிஞ்சும் மிரட்டல்) கொடுத்து, நீங்கள் இணைத்ததும் மொத்தக் குழுவுக்கும் லிபர்ட்டி பற்றாமல் செய்வது, மூலைப் புதிரென்றால் ஓரத்திலிருந்து ஒன்றுக்கு-இரண்டு புள்ளி (முதல் கோடும் இரண்டாம் கோடும் சந்திக்கும் இடம்). தவறான விடைகளின் மறுப்பு பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும். அதிலும் பலிக்கல்லையும் லிபர்ட்டிப் பற்றாக்குறையையும் தவறவிடுகிறவர்களே அதிகம். இரண்டு கண் இருக்கிறது என்று கண் பார்த்துவிடும். அதில் ஒன்று பொய்க்கண் என்று பலிக்கல் விழுந்த பிறகே தெரியும்.

ஐந்தும் செல்லவில்லை, என்ஜினும் உங்கள் பக்கம் நிற்கிறது என்றால், முழு வரிசையையும் எழுதிச் செயலியைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். 'இதுவும் சரி' என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. எதிராளியின் வலுவான இரண்டு பதிலும் அவற்றுக்கு உங்கள் பதிலும் சேர்ந்திருக்க வேண்டும்.

## அறிகுறி: தவறான விடையையும் சரி என்கிறது

முந்தையதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் யாரும் புகார் சொல்வதில்லை. பச்சை விழுந்ததும் அடுத்த புதிருக்குப் போய்விடுகிறோம். காரணம் எளியது: மரம் ஆழமில்லை. முதல் கல்லோடு நிறுத்திய மரம், அல்லது எதிராளிக்கு ஒரே ஒரு பலவீனமான பதில் எழுதிய மரம்.

பச்சை விழுந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதிராளியின் மிக வலுவான பதிலைச் செயலி ஆடியதா? நீங்கள் பயந்துகொண்டிருந்த புள்ளியில் கல் வரவே இல்லையென்றால் புதிர் முடியவில்லை. அந்தப் புள்ளியில் நீங்களே எதிராளிக் கல்லை வைத்துத் தொடருங்கள். எதிராளிக்குப் பல பதில்கள் பதிந்த மரத்தில் சில செயலிகள் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைத் தேர்ந்து ஆடும். அப்படியானால் அதே புதிரை மூன்று நான்கு முறை ஓட்டினால் எல்லாக் கிளையும் வந்துவிடும்.

## அறிகுறி: புதிரில் பாதிப் பலகைதான் தெரிகிறது, விடை புரியவில்லை

முழுப் பலகையைக் காட்டும்படி மாற்றுங்கள். வெட்டிக் காட்டும் அமைப்பு தூரத்தில் நிற்கும் ஒரு கல்லை மறைத்திருக்கும். ஏணியாக (அட்டாரிமேல் அட்டாரியாகப் படிபோல்) ஓடும் புதிரில் விடையே அந்தக் கல்லில்தான் இருக்கிறது. பழைய தொகுப்புகளில் பலகையின் குறுக்கே ஓடும் ஏணிப் புதிர்கள் உண்டு. அவற்றை வெட்டிக் காட்டினால் புதிரே செத்துப்போகும்.

## அறிகுறி: என்ஜின் புதிரை விட்டுவிட்டு எங்கேயோ ஆடுகிறது

என்ஜினில் கோளாறு இல்லை, கேள்வியில்தான் கோளாறு. காலிப் பலகையின் ஒரு மூலையில் ஒரு புதிரை வைத்தால், என்ஜினுக்கு அது ஒரு முழு ஆட்டம். மூலையில் எட்டு கல் செத்தாலும் மீதிப் பலகையில் ஈடுகட்டலாம் என்றால் அது அங்கேதான் போகும். சில சமயம் எல்லா ஆட்டத்துக்கும் வெற்றி வாய்ப்பு 99 விழுக்காடு என்றோ 1 விழுக்காடு என்றோ காட்டும்; அப்போது புதிர் எப்படி முடிந்தாலும் ஆட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பொருள். அதன் பிறகு அது வைக்கும் கல்லில் புதிருக்கான செய்தி எதுவும் இல்லை.

எளிய வழி. கட்ரெயினில் ஆர்வப் பகுதியைக் கட்டம் போட்டுத் தேர்ந்து அங்கே மட்டும் தேடச் சொல்லலாம். பாதிப் புதிர்கள் இதிலேயே தீரும். ஆனால் கோ-சண்டை இருக்கும் புதிருக்கு இது போதாது. கோ-சண்டைக்குத் தேவையான மிரட்டல் ஆட்டத்தை (எதிராளி பதில் சொல்லியாக வேண்டிய கல்) வெளியில் ஆடவே வழியில்லாமல் போய்விடும்.

சரியான வழி. புதிரைச் சுற்றிச் சட்டகம் கட்டுவது. கட்ரெயினில் இதற்கு ஆயத்தமான கட்டளை உண்டு. கையால் கட்ட வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. புதிரின் வெளிக்கல்லிலிருந்து ஒன்றிரண்டு கோடு இடைவெளி விடுங்கள். ஒட்டிக் கட்டினால் லிபர்ட்டி எண்ணிக்கை மாறி, புதிரே வேறாகிவிடும்.
2. இடைவெளிக்கு அப்பால் தாக்குபவரின் திடமான சுவர். அது புதிரின் வெளிக்கற்களோடு இணைந்து, சந்தேகமில்லாத உயிரோடு இருக்க வேண்டும். தாக்குபவரின் சுவர் செத்துப்போகக்கூடியது என்றால் என்ஜின் அதைக் கொல்லப் போய்விடும்.
3. மீதிப் பலகையில் ஒரு பகுதியைத் தாக்குபவருக்கும் மறுபகுதியைக் காப்பவருக்கும் நிரப்புங்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் தனித்தனியாகச் சில காலிப் புள்ளிகளைக் கண்ணாக விடுங்கள்.
4. கோமியை (வெள்ளைக்குக் கொடுக்கும் ஈட்டுப் புள்ளி) சரிசெய்யுங்கள். எல்லோரும் விட்டுவிடும் படி இது.

கோமிக் கணக்கு: புதிரில் காப்பவர் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். கோமி 7.5-இல், குழு உயிரோடு இருக்கும்படி கூடுதல் கல் ஒன்று வைத்துப் பார்த்தால் என்ஜின் கறுப்பு 12.5 முன்னே என்கிறது. குழு சாகும்படி வைத்துப் பார்த்தால் வெள்ளை 17.5 முன்னே என்கிறது. இரண்டுக்கும் நடு, வெள்ளை 2.5 முன்னே. ஆகவே கோமியை 5-க்குப் பக்கத்தில், சமநிலை வராதபடி அரையோடு, 5.5 ஆக்குங்கள். இப்போது உயிர் என்றால் கறுப்பு 14.5-இல் வெல்லும், சாவு என்றால் வெள்ளை 15.5-இல் வெல்லும். புதிரின் முடிவே ஆட்டத்தின் முடிவாகிவிட்டது; இனி என்ஜின் உயிரைக் கொடுத்துப் போராடும்.

சட்டகம் சரியா என்று பார்க்க விடை உறுதியாகத் தெரிந்த ஒரு வடிவத்தை முதலில் ஓட்டுங்கள். ஓரத்தில், மூலையைத் தொடாமல், இரண்டாம் கோட்டில் வரிசையாக ஏழு கல். இரு முனையும் எதிராளியால் அடைக்கப்பட்டிருக்கட்டும். காப்பவர் முதலில் ஆடினால் உயிர், தாக்குபவர் முதலில் ஆடினால் சாவு. ஆறு கல் என்றால் காப்பவர் முதலில் ஆடினாலும் சாவு. எட்டு என்றால் தாக்குபவர் முதலில் ஆடினாலும் உயிர். இந்த மூன்றிலும் என்ஜின் சரியாகச் சொல்லாவிட்டால் பிசகு சட்டகத்திலோ கோமியிலோ இருக்கிறது. பழைய புதிரைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: சட்டகம் சரி, ஆனாலும் என்ஜின் விடையைக் காணவில்லை

தேடல் எண்ணிக்கையைப் பாருங்கள். சில நூறு தேடலில் வந்த பதில் ஊகம்தான். 1,000, பிறகு 10,000, பிறகு 1,00,000 என்று ஏற்றிப் பார்த்து, முதல் தேர்வு மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறிக்கொண்டே இருந்தால் அது இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அதன் பிறகும் காணவில்லையென்றால், பிடிக்கக் கொடுத்துவிட்டு அந்தக் காலியிடத்தில் மறுபடி வெட்டும் ஆட்டம், தன் கண்ணைத் தானே நிரப்புவதுபோல் தெரியும் ஆட்டம், அசிங்கமான காலி முக்கோணம் (மூன்று கல் வளைந்து ஒட்டி நிற்கும் திறனற்ற வடிவம்) போன்றவை விடையாக இருக்கலாம். சாதாரண ஆட்டங்களில் இவை அரிது. அதனால் நரம்பு வலை இவற்றுக்கு முதலில் மிகக் குறைந்த மதிப்பே தரும், தேடல் அந்தப் பக்கம் போகவே தாமதமாகும். பழைய புதிர்களை இயற்றியவர்கள் விரும்பித் தேடிய ஆட்டங்களோ இவைதான். இரண்டு வழி உண்டு. காட்டாகோ அமைப்புக் கோப்பில் அனாலிசிஸ்-வைட்-ரூட்-நாய்ஸ் என்ற மதிப்பைக் கூட்டினால் முதல் ஆட்டத்தில் அது பரவலாகத் தேடும். இதைவிட நல்லது, நீங்கள் சந்தேகப்படும் கல்லை நீங்களே வைத்துவிட்டு அங்கிருந்து தேடச் சொல்வது. ஓர் ஆட்டம் உள்ளே போனதும் பல சமயம் என்ஜின் சட்டென்று விழித்துக்கொள்ளும்.

## அறிகுறி: புத்தக விடையும் என்ஜினும் முரண்படுகின்றன

முதலில் விதிமுறை. மூலையில் வளைந்த நான்கு (நான்கு புள்ளி மூலையில் வளைந்து நிற்கும் வடிவம்) வந்தால் ஜப்பானிய விதியில் அது செத்ததாகவே கணக்கு. பரப்பளவு எண்ணும் விதிகளில் அதை ஆடி முடித்தாக வேண்டும்; பலகையில் வேறெங்காவது அகற்ற முடியாத கோ-மிரட்டல் இருந்தால் முடிவு மாறலாம். செக்கியில் இருக்கும் கண்ணுக்கு ஜப்பானிய விதியில் புள்ளி கிடையாது, சீன விதியில் உண்டு. தொகுப்பு ஜப்பானியதென்றால் என்ஜினையும் ஜப்பானிய விதிக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து, புதிரின் நிலையே சரியா? 1713-இல் இனோவே டோசெட்சு இன்செக்கி தொகுத்த ஹத்சுயோரோன் என்ற புதிர்த் தொகுப்பு நீண்டகாலம் இனோவே இல்லத்துக்குள் (பரம்பரைக் கோ பள்ளி) கைப்பிரதியாக இருந்தது. பிரதிக்குப் பிரதி வேறுபடும் புதிர்கள் அதில் உண்டு. ஒரு கல் இடம் மாறினால் விடை இல்லாமலே போகலாம். இன்னொரு பதிப்பின் படத்தோடு கல் கல்லாக ஒப்பிடுங்கள்.

நிலையும் சரி, விதியும் சரி என்றால் புத்தக விடையை முழு வரிசையாக என்ஜினுக்குள் ஆடிப் பாருங்கள். எந்தக் கல்லில் மதிப்பு திடீரென்று சரிகிறதோ அங்கே என்ஜின் கண்ட மறுப்பை நீங்களே கையால் வாசித்து உறுதி செய்யுங்கள். பழைய விடைகளிலும் பிழை உண்டு. என்ஜினும் தெய்வமல்ல: ஹத்சுயோரோனின் 120-ஆவது புதிர், பலகை முழுவதும் பரவிய அந்த மாபெரும் புதிர், சாதாரண வலைக்குப் பிடிபடாமல், அந்த ஒரே புதிருக்காகக் காட்டாகோவுக்குத் தனி வலை பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகுப்பின் கடினமான புதிர்களில் என்ஜினும் புத்தகமும் முரண்பட்டு, இரு பக்கமும் 1,00,000 தேடலைத் தாண்டியும் தீரவில்லையென்றால், நிறுத்திவிட்டு வலுவான டான் நிலை ஆட்டக்காரரிடமோ தொழில்முறை ஆசிரியரிடமோ கொண்டுபோங்கள். இரண்டு வரிசையையும் ஒரே கோப்பில் கிளைகளாகப் போட்டுக் கொடுங்கள். அவர்களுக்குப் பெரும் நேரம் மிச்சமாகும்.

## அறிகுறி: என்ஜின் நகரவே மாட்டேன் என்கிறது

முதல் முறை ஓட்டுகிறீர்கள் என்றால் காத்திருங்கள். காட்டாகோவின் ஓபன்சிஎல் பதிப்பு முதல் தடவை வரைகலை அட்டைக்கேற்பத் தன்னைச் சீர்செய்ய நேரம் எடுக்கும். அது உறைந்துவிட்டது என்று நினைத்து மூடினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அது முடிந்தும் மெதுவாக இருந்தால் சிறிய வலைக்கு மாறுங்கள். மூலைப் புதிருக்குச் சிறிய வலையில் கூடுதல் தேடல், பெரிய வலையில் குறைந்த தேடலைவிடப் பல சமயம் பயன்படும். வரைகலை அட்டையே இல்லாத கணினிக்கு ஐகன் பதிப்பு. எத்தனை இழை (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்) வைப்பது என்பதை ஊகிக்காமல் பெஞ்ச்மார்க் கட்டளையை ஓட்டினால் அதுவே சொல்லும். வலைக் கோப்பு ஜிஇசட் சுருக்கத்தோடு வந்தால் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் இயக்கிப் பிழை என்று நின்றால் கணினி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். புதிர் படிக்க மட்டும் புது அட்டை வாங்குவது கடைசிக்கும் கடைசி. பெரும்பாலான பழைய புதிர்களுக்குத் தேவையே இல்லை.

## அறிகுறி: செயலியில் மதிப்பெண் ஏறுகிறது, ஆட்டத்தில் ஒன்றும் வரவில்லை

கருவி நன்றாக ஓடுகிறது, பயிற்சி ஓடவில்லை. இங்கேயும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கலாம்.

துப்பு கசிகிறது. 'கறுப்பு ஆடிக் கொல்ல' என்ற தலைப்பே பாதி விடை. ஆட்டத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹயாஷி கென்பி வெளியிட்ட கொக்யோ ஷும்யோ என்ற தொகுப்பில் 500-க்கும் மேற்பட்ட புதிர்கள் பிழைத்தல், கொல்லுதல், கோ-சண்டை என்று வகைவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வரிசையாகப் போனால் பகுதியின் பெயரே முடிவைச் சொல்லிவிடும். தலைப்பை மறையுங்கள், தொகுப்பைக் கலைத்துப் போடுங்கள், வெட்டிக் காட்டும் அமைப்பை அணையுங்கள்.

இடம் மனப்பாடமாகிவிட்டது. மேல்-வலது மூலை, கறுப்பு, முன்பே கண்ட படம். விரல் தானாகப் போகிறது. திருப்பியும் கண்ணாடிபோல் புரட்டியும் நிறம் மாற்றியும் காட்டும் அமைப்பை இயக்குங்கள். ஒரு மூலை வடிவத்துக்கு எட்டுத் திருப்பம், இரண்டு நிறம் என்று 16 தோற்றம் உண்டு. அதே புதிரில் திடீரென்று தடுமாறினால், நீங்கள் கற்றிருந்தது வடிவத்தை அல்ல, படத்தை.

தட்டிப் பார்த்து விடை காண்கிறீர்கள். உடனே பச்சை, சிவப்பு காட்டும் கருவியில் மூன்று முயற்சியில் யாரும் விடையைத் தொட்டுவிடலாம். முதல் கல்லைத் தொடும் முன் எதிராளியின் இரண்டு வலுவான பதிலுக்கும் உங்கள் பதில் தயாராக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். காகிதத்தில் எழுதினால் இன்னும் நல்லது. முதல் கல் சரி, மூன்றாவது கல் தவறு என்றால் அந்தப் புதிரைத் தோல்விக் கணக்கில் எழுதுங்கள். செயலி பாதி மதிப்பெண் கொடுத்தாலும் நீங்கள் கொடுக்காதீர்கள்.

புதிர் கடினம். பழைய தொகுப்புகளின் பெருமையில் மயங்கி ஹத்சுயோரோனில் தொடங்குகிறவர்கள் உண்டு. நடைமுறை அளவு இது: ஒரு நிமிடத்துக்குள் பத்தில் ஏழெட்டு முழு வரிசையோடு வர வேண்டும். பாதிகூட வரவில்லையென்றால் தொகுப்பை மாற்றுங்கள். பத்தும் வந்தால் ஒரு படி ஏறுங்கள். தவறியவை மறுநாள், பிறகு ஒரு வாரத்தில், பிறகு ஒரு மாதத்தில் திரும்ப வரும்படி அமையுங்கள். இடைவெளி விட்டுத் திருப்பும் வசதி செயலியில் இல்லையென்றால் தவறியவற்றை மூன்று கோப்புறையாகப் பிரித்துவைத்தாலே போதும்.

இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் மாற்றமில்லை. இப்போது ஆசிரியரைத் தேடுங்கள். மதிப்பெண்ணை அவரிடம் காட்ட வேண்டாம். நீங்கள் தவறவிட்ட பத்துப் புதிர், ஒவ்வொன்றிலும் நீங்கள் வாசித்த வரிசை, உங்கள் கண்ணில் படாமல்போன மறுப்பு எது என்று எழுதிக் கொண்டுபோங்கள். பத்தில் ஆறு பலிக்கல்லாலேயே உடைந்திருந்தால் அவர் உங்களுக்குக் கொடுக்கப்போகும் அடுத்த தொகுப்பு வேறு; லிபர்ட்டி எண்ணுவதில் உடைந்திருந்தால் வேறு.